நிறம் மாறவில்லை, வேலை மட்டும் நின்றது: ஒரு தங்கக் கூழ்மத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரே நாளில், ஒரே குடுவையில் காய்ச்சிய தங்கக் கூழ்மம், அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்கள். ஆறியதும் ஆளுக்கு 20 மில்லிலிட்டராக இரண்டு கண்ணாடி பாட்டிலில் பிரித்து, ரப்பர் மூடி போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்தோம். மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் இரண்டும் அதே ஒயின் சிவப்பு. அடியில் படிவு இல்லை, கண்ணாடிச் சுவரில் கறை இல்லை. முதல் பாட்டிலிலிருந்து 100 மைக்ரோலிட்டர் எடுத்து வினைக்கலவையில் விட்டோம். கால் மணி நேரத்தில் மஞ்சள் நிறம் வெளிறிப் போனது. இரண்டாவது பாட்டிலிலிருந்து அதே அளவு விட்டோம். அரை மணி நேரம் வரை ஒன்றும் நடக்கவில்லை.

இந்த ஆய்வு அந்த இரண்டாவது பாட்டிலைப் பற்றியது. காரணத்தைப் பிடிக்க ஐந்து வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் துகளையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தோம். துகளின் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டது கடைசி வாரத்தில்தான்.

சோதனைக்கு எடுத்த வினை

4-நைட்ரோபீனாலை சோடியம் போரோஹைட்ரைடு கொண்டு 4-அமினோபீனாலாக ஒடுக்கும் வினை, உலோக நானோதுகள்களின் திறனைப் பார்க்க எல்லோரும் கையில் எடுக்கும் வினை. தாராசங்கர் பால் குழுவினர் தங்கம், வெள்ளி, செம்புத் துகள்களை வைத்து 2001-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது வேகமாகப் பரவியது. பரவியதற்குக் காரணம் எளிமை. நைட்ரோபீனால் கரைசலில் போரோஹைட்ரைடு விழுந்ததும் கரைசல் காரமாகிவிடும். வெளிர் மஞ்சள் பளிச்சென்ற மஞ்சளாகும். அந்த மஞ்சள் 400 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். வினை நடக்க நடக்க 400-இல் உயரம் குறையும், 300-இல் அமினோபீனாலின் முகடு மெல்ல எழும். கருவி இல்லாவிட்டாலும் கண்ணாலேயே பின்தொடரலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. மின்னழுத்தக் கணக்கைப் பார்த்தால் இது தானாகவே நடந்திருக்க வேண்டிய வினை: நைட்ரோபீனால் பக்கம் மைனஸ் 0.76 வோல்ட், போரோஹைட்ரைடு பக்கம் மைனஸ் 1.33 வோல்ட். ஆனாலும் உலோகம் இல்லாமல் இரண்டையும் கலந்து வைத்தால் மறுநாள் காலையிலும் அதே மஞ்சள்தான். ஆகவே மஞ்சள் மறைகிறது என்றால் அது முழுக்க உலோகத்தின் மேற்பரப்பு செய்த வேலை. கரைசலில் வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது.

மேற்பரப்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரோஹைட்ரைடு தங்கத்தின் மேல் வந்து ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. நைட்ரோபீனாலும் அதே தங்கத்தின் மேல்தான் வந்து ஒட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தால் வினை நடக்கும். லாங்மூர்–ஹின்ஷெல்வுட் வழிமுறை என்று பாடத்தில் வருவது இதுதான். இந்த வினைக்கு அது பொருந்துகிறது என்று மத்தியாஸ் பல்லாஃப் குழுவினர் 2010-இல் விரிவான வேக அளவீடுகளோடு காட்டினார்கள். நைட்ரோபீனாலை அளவுக்கு மீறிப் போட்டால் வேகம் கூடாமல் குறைந்துவிடும், ஏனென்றால் அதுவே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டு விருந்தாளிகளே இடத்துக்கு இப்படி முட்டி மோதும்போது, அழைக்காத மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தயாரிப்பில் புதிதாக எதுவும் இல்லை. டர்கெவிச் 1951-இல் விவரித்த முறை: கொதிக்கும் குளோரோ ஆரிக் அமிலக் கரைசலில் சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் முதலில் நிறமற்றுப் போகும், பிறகு மை கரைத்தது போல் இருளும், அப்புறம் ஊதா, கடைசியில் சிவப்பு. குடுவைகளை எல்லாம் முதல் நாளே ராஜ திராவகத்தில் கழுவி, தூய நீரில் பல முறை அலசியிருந்தோம். குடுவையில் அவ்வளவு கவனம் வைத்தவர்கள் மூடியைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கிடைத்த துகள்களின் சராசரி விட்டம் 13 நானோமீட்டர். ஒளி உறிஞ்சல் முகடு 519 நானோமீட்டர். தங்கத்தின் மொத்தச் செறிவு 0.25 மில்லிமோலார்.

தவறான சந்தேகங்கள்

முதலில் போரோஹைட்ரைடைச் சந்தேகித்தோம். நீரில் கரைத்த கணத்திலிருந்தே அது சிதையத் தொடங்கும். குமிழி வருவதைப் பார்த்தாலே தெரியும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பனிக்கட்டியில் குளிர்ந்த நீரில் புதிதாகக் கரைத்தோம். ஒரே கரைசலை இரண்டு பாட்டிலுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். முதல் பாட்டில் வேலை செய்தது, இரண்டாவது செய்யவில்லை. போரோஹைட்ரைடு தப்பித்தது.

அடுத்து துகளின் அளவு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்திருந்தால் மேற்பரப்பு குறையும், வேகமும் குறையும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நானூறு துகளுக்கு மேல் அளந்தோம். இரண்டு பாட்டிலிலும் அதே 13 நானோமீட்டர், அதே உருண்டை வடிவம். தங்கத்தின் மொத்த அளவையும் பிளாஸ்மா முறையில் அளந்தாயிற்று, வித்தியாசமே இல்லை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நுண்ணோக்கிப் படங்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையில் அப்படியே போடும் அளவுக்கு அழகாக வந்திருந்தன. நம்மைத் தடம் புரட்டியது அந்த அழகுதான். தங்கம் எலக்ட்ரானை பலமாகச் சிதறடிக்கும். அதன் மேல் ஒற்றை அடுக்காகப் படிந்த கரிமச் சேர்மம் அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஒரு நானோமீட்டர்கூட இல்லாத மூடுபனியை யார் பார்ப்பது?

மூன்றாவது சந்தேகம் ஆக்சிஜன். இது எங்களை ஒன்றரை வாரம் அலையவிட்டது, அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. இரண்டாவது பாட்டில் முழுக்கச் சாகவில்லை. ஒரு நாள் க்யூவெட்டை (கரைசலை ஊற்றி ஒளி உறிஞ்சலை அளக்கும் சின்னக் குப்பி) கருவியிலேயே மறந்து விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் 400-இன் உயரத்தைக் காட்டும் கோடு நாற்பதாவது நிமிடம்வரை தட்டையாக ஓடி, அதன் பிறகு மெதுவாகச் சரிந்திருந்தது. ஆக, வினை நின்றுபோகவில்லை, தாமதமாகிறது.

இந்த வினையில் தொடக்கத் தாமதம் எல்லோருக்கும் பழக்கமானது. நல்ல பாட்டிலுக்கும் ஒன்றரை நிமிடம் தாமதம் இருந்தது. தங்கத்தின் மேற்பரப்பு அணுக்கள் இடம் மாறி ஒழுங்குபடும் நேரம் அது என்று ஒரு சாரார் சொல்வார்கள். கரைசலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீரும்வரை அமினோபீனால் பக்கம் வினை நகராது, அதனால்தான் தாமதம் என்று இன்னொரு சாரார். 2016 வாக்கில் வந்த அளவீடுகள் இரண்டாவது விளக்கத்துக்கு நல்ல வலு சேர்த்தன. இரண்டுமே சேர்ந்து நடக்கலாம் என்பதுதான் என் எண்ணம், ஆனால் முதலில் சோதிக்க எளியது ஆக்சிஜன்.

சரி என்று எல்லாக் கரைசலிலும் ஆர்கான் வாயுவை இருபது நிமிடம் குமிழியிட்டோம். நல்ல பாட்டிலின் ஒன்றரை நிமிடத் தாமதம் சில விநாடிகளாகச் சுருங்கியது. கெட்ட பாட்டிலின் நாற்பது நிமிடம் முப்பத்தெட்டு ஆனது. அதாவது, ஆக்சிஜனுக்கு உரிய ஒன்றரை நிமிடம் மட்டும் கழிந்தது. மீதித் தாமதம் வேறு எதிலிருந்தோ வருகிறது.

மூன்று நானோமீட்டர்

இப்போது நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். பாட்டில்களை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முதல் நாளே இரண்டின் நிறமாலையையும் எடுத்திருந்தோம். முதலாவதற்கு முகடு 519. இரண்டாவதற்கு 522. பக்கத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: ‘கருவி நகர்வு?’

கருவி நகரவில்லை. அடுத்தடுத்து ஐந்து முறை மாற்றி மாற்றி எடுத்தபோதும் அதே 519, அதே 522. தங்கத் துகளின் சிவப்பு அதன் மேற்பரப்பு எலக்ட்ரான்களின் ஊசலாட்டத்தால் வருவது. துகளை ஒட்டியிருக்கும் ஊடகம் மாறினால் முகடு நகரும். துகள்கள் திரண்டிருந்தால் 600-க்கு அப்பால் ஒரு வால் எழுந்திருக்கும், கரைசல் ஊதா அடித்திருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் முகடு மட்டும் இரண்டு மூன்று நானோமீட்டர் சிவப்புப் பக்கம் சாய்ந்தால், துகள் அதேதான், அதன் மேலுடை மாறியிருக்கிறது என்று அர்த்தம். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் விஷயம். 1857-இல் தங்கக் கூழ்மத்தின் நிறத்தை ஆராய்ந்த ஃபாரடே, உப்பு சேர்த்தால் சிவப்பு நீலமாவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவரிடம் நிறமாலைமானி இல்லை. எங்களிடம் இருந்தும் எண்ணை நம்பவில்லை.

மேலுடை மாறியதா என்று பார்க்க மூன்று சின்னச் சோதனைகள் செய்தோம். கெட்ட கூழ்மத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் துகளை அடியில் இறக்கி, மேலே நிற்கும் தெளிநீரைத் தனியாக எடுத்தோம். துகளைப் புதிய சிட்ரேட் கரைசலில் கலக்கிச் சோதித்தால் தாமதம் அப்படியே இருந்தது. அப்படியானால் வினையை முடக்கும் பொருள், அதாவது நஞ்சு, துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அந்தத் தெளிநீரை நல்ல கூழ்மத்தில் கொஞ்சம் விட்டு ஒரு இரவு வைத்தோம். மறுநாள் நல்லதும் மந்தமானது. நஞ்சு நீரிலும் மிச்சம் இருக்கிறது, தொற்றவும் செய்கிறது. கடைசியாக அந்தத் தெளிநீரின் நிறமாலையைப் பார்த்தோம்: 310 முதல் 320 நானோமீட்டர் பகுதியில் ஒரு சின்னத் தோள். சிட்ரேட் அங்கே உறிஞ்சாது.

அந்தத் தோளைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களோடு இருந்த இளநிலை மாணவி கேட்டாள்: “அக்கா, ஃப்ரிட்ஜ் தட்டுல உயரம் பத்தலன்னு அந்த ஒரு பாட்டிலை நான் படுக்க வச்சிருந்தேன். அதனால ஏதாவது ஆகுமா?”

ஆகும். படுத்த பாட்டிலில் திரவம் மூடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மூடி ரப்பர்.

ரப்பரில் என்ன இருக்கிறது

ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும்போது, வேலை சீக்கிரம் முடிய முடுக்கிகள் என்று சில சேர்மங்களைக் கலப்பார்கள். அவற்றில் மிகப் பரவலானது 2-மெர்காப்டோ பென்சோதயசோல். பதப்படுத்தி முடிந்த பிறகும் அதில் ஒரு பகுதி ரப்பருக்குள் தங்கிவிடும், நீர் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடியிலிருந்தும் ஊசிக் குழாயின் ரப்பர் முனையிலிருந்தும் இது திரவத்துக்குள் கசிவது மருந்துத் துறைக்குப் பழைய செய்தி. எங்களுக்குத்தான் புதுசு.

இந்தச் சேர்மத்தின் ஒரு முனையில் கந்தகம் இருக்கிறது. தங்கத்துக்குக் கந்தகம் என்றால் காந்தம் மாதிரி. வெள்ளிப் பொருள் கந்தகம் பட்டுக் கறுக்கிறது, தங்க நகை கறுப்பதில்லை. அதனால் தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் உறவில்லை என்று தோன்றும். உண்மை வேறு. தங்கம் உள்ளே வரைக்கும் சல்பைடாக மாறாது, அவ்வளவுதான். மேலே ஒற்றை அடுக்காகக் கந்தகம் வந்து ஒட்டினால் அந்தப் பிணைப்பு ஒரு மோலுக்கு 200 கிலோஜூலை ஒட்டி வரும். சிட்ரேட்டின் பிடி அதன் பக்கத்திலேயே வராது. சிட்ரேட் துகளைச் சுற்றி எதிர்மின்னூட்டத்தோடு நின்று, துகள்கள் ஒன்றையொன்று நெருங்காமல் காக்கும் காவலாள். யாராவது உரிமையோடு வந்து உட்கார்ந்தால் எழுந்து வழி விட்டுவிடும்.

இந்த வலுவான பிடியை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு. 1994-இல் பிரஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் தயால் (கந்தக முனை கொண்ட கரிமச் சேர்மம்) போர்த்திய தங்கத் துகள்களைச் செய்தார்கள். அவற்றைக் காயவைத்துப் பொடியாக்கலாம், மீண்டும் கரைப்பானில் கரைக்கலாம். நிலைத்தன்மைக்கு அதை மிஞ்சிய வழி கிடையாது. ஆனால் இறுக்கிப் போர்த்திய துகள் வினையூக்கியாகத் தூங்கும். நிலைத்து நிற்பதும் வேலை செய்வதும் ஒரே இடத்துக்காகச் சண்டை போடும் இரண்டு விஷயங்கள்.

சந்தேகத்தை உறுதி செய்யப் புதிய கூழ்மம் காய்ச்சி நான்கு பாட்டிலில் பிரித்தோம். ரப்பர் மூடியோடு நிமிர்ந்தது ஒன்று, ரப்பர் மூடியோடு படுத்தது ஒன்று, டெஃப்லான் பூசிய மூடியோடு நிமிர்ந்ததும் படுத்ததும் ஒவ்வொன்று. பத்து நாளில் ரப்பர் மூடியோடு படுத்தது மட்டும் தாமதம் காட்ட ஆரம்பித்தது. அதன் துகளைக் காயவைத்து எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் பார்த்தோம். கந்தகத்துக்கு இரண்டு குறிகள்: 162 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒன்று, 164-ஐ ஒட்டி இன்னொன்று. முதலாவது தங்கத்தோடு பிணைந்த கந்தகம். இரண்டாவது, பென்சோதயசோல் வளையத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கந்தகம். டெஃப்லான் பாட்டில்களில் இரண்டுமே இல்லை.

எவ்வளவு நஞ்சு போதும்?

இந்தக் கணக்கை நான் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டேன். முடிவைப் பார்த்து மறுபடியும் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

13 நானோமீட்டர் உருண்டையின் மேற்பரப்பு சுமார் 530 சதுர நானோமீட்டர். கன அளவு சுமார் 1,150 கன நானோமீட்டர். ஒரு கன நானோமீட்டரில் 59 தங்க அணுக்கள் என்று கொண்டால் துகளுக்கு 68,000 அணுக்கள். நெருக்கமாக அடுக்கிய தங்கப் பரப்பில் சதுர நானோமீட்டருக்கு 14 அணுக்கள் இருக்கும். ஆக மேற்பரப்பில் மட்டும் 7,400. அதாவது நூற்றுக்குப் பதினொன்று. மீதி எண்பத்தொன்பது அணுக்கள் வினையைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, உள்ளே சும்மா இருக்கின்றன. தங்கத்தின் மொத்த அளவை அளந்துவிட்டுத் திருப்தியாக இருந்தோமே, அப்போது அளந்ததில் பெரும்பகுதி இந்தச் சும்மா இருக்கும் அணுக்கள்தான்.

சாதாரணத் தயால் ஒன்று மூன்று மேற்பரப்பு அணுக்களின் இடத்தை அடைக்கும். அப்படியானால் ஒரு துகளை முழுக்க மூட சுமார் 2,500 மூலக்கூறுகள். 0.25 மில்லிமோலார் தங்கத்தை 68,000-ஆல் வகுத்தால் துகள்களின் செறிவு 3.7 நானோமோலார். இரண்டையும் பெருக்கினால் தேவையான நஞ்சின் செறிவு 9 மைக்ரோமோலாரை ஒட்டி வருகிறது. 20 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு 0.18 மைக்ரோமோல். மெர்காப்டோ பென்சோதயசோலின் மூலக்கூறு நிறை 167. எடை: 30 மைக்ரோகிராம்.

ஒரு சர்க்கரைப் பரல் அரை மில்லிகிராம் இருக்கும் என்று வைத்தால், அதில் சுமார் பதினேழில் ஒரு பங்கு. ஒரு ரப்பர் மூடி மூன்று வாரம் ஊறினால் இவ்வளவு இறங்காதா என்ன? பாட்டிலுக்குள் இருக்கும் தங்கமே ஒரு மில்லிகிராம்தான். அத்தனை துகளின் மேற்பரப்பையும் உரித்து விரித்தால் 235 சதுர சென்டிமீட்டர் வரும், ஒரு ஏ4 தாளில் பாதிகூட இல்லை.

இதுவும் முழு அடுக்குக்கான கணக்கு. அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் அடுத்த ஆச்சரியம். தூய மெர்காப்டோ பென்சோதயசோலை வாங்கி, நல்ல கூழ்மத்தில் அளந்து அளந்து சேர்த்தோம். எல்லா இடமும் ஒன்றுபோல வேலை செய்தால், பத்தில் ஒரு பங்கை மூடினால் வேகத்திலும் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். எங்களுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் குறைந்தது. கால் அடுக்கு சேர்த்தபோது வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். ஒன்று, இந்த மூலக்கூறு நேராக நிற்காமல் சாய்ந்து படுத்து, மூன்று அணுக்களுக்குப் பதில் ஐந்தாறு அணுக்களின் இடத்தை அடைக்கிறது. வளையம் தட்டையானது, அதனால் இது நடக்கக்கூடியதே. இன்னொன்று, வேலை செய்யும் இடங்கள் எல்லாம் சமமில்லை; விளிம்பிலும் படிக்கட்டு போன்ற மேடுகளிலும் பக்கத்துணை குறைந்து நிற்கும் அணுக்கள்தான் அதிகம் உழைக்கின்றன, கந்தகமும் முதலில் போய் அங்கேயே உட்காருகிறது. ஹியூ டெய்லர் 1925-இல் முன்வைத்த கருத்து இதுதான்: வினையூக்கியின் பரப்பில் சில இடங்கள் மட்டுமே உழைக்கின்றன. அவர் காட்டிய சான்றுகளில் நஞ்சும் ஒன்று, பரப்பை மூடத் தேவையானதைவிட மிகக் குறைந்த நஞ்சே வினையை நிறுத்திவிடுகிறது என்று. எங்கள் எண்களை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எனக்கென்னவோ இரண்டும் கலந்ததுதான் என்று படுகிறது.

நஞ்சு என்றதும் கெட்டதாகவே நினைக்க வேண்டாம். லிண்ட்லர் 1952-இல் பல்லேடியத்தை ஈயம் போட்டு வேண்டுமென்றே மந்தமாக்கினார். கூடவே குயினோலினும் சேரும். அதனால் அந்த வினையூக்கி முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பு வரை ஒடுக்கிவிட்டு அங்கேயே நிற்கும், அதைத் தாண்டிப் போகாது. அதே ஈயம் வாகனப் புகைபோக்கியின் பிளாட்டினத்தில் போய்ப் படிந்தால் வினையூக்கி காலி. 1975-இல் அமெரிக்காவில் புகையைச் சுத்தம் செய்யும் வினைமாற்றி பொருத்திய கார்கள் வந்தபோது ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வர வேண்டியதாயிற்று. தங்கத்திலும் இதே கதை உண்டு: ஹருடா 1987-இல் ஆக்சைடு மேல் உட்கார்த்திய நுண் தங்கம் கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்குக் கீழேயே ஆக்சிஜனேற்றம் செய்யும் என்று காட்டினார். ஆனால் தயாரிப்பில் மிஞ்சும் குளோரைடை ஒழுங்காகக் கழுவாமல் விட்டால் அதே தங்கம் மந்தமாகிவிடும், சூடு படுத்தும்போது துகளும் பெருத்துவிடும்.

நாற்பதாவது நிமிடத்தில் ஏன் விழித்தது?

இது விடாமல் உறுத்தியது. கந்தகத்தின் பிடி அவ்வளவு வலுவானது என்றால், துகள் கடைசிவரை செத்தே கிடந்திருக்க வேண்டும். ஏன் விழித்தது?

விடை வினைக்கலவையிலேயே இருந்தது. போரோஹைட்ரைடு, தங்கத்தில் ஒட்டியிருக்கும் தயாலைப் பெயர்த்து எடுக்கக்கூடியது. அது கொடுக்கும் ஹைட்ரைடு தங்கத்தின் மேல் இடம் பிடித்து, கந்தகத்தை வெளியே தள்ளுகிறது. தங்கத் துகள்களைச் சுத்தம் செய்ய இதை ஒரு வழியாகவே பயன்படுத்துகிறார்கள். எங்கள் க்யூவெட்டில் போரோஹைட்ரைடு 10 மில்லிமோலார், நைட்ரோபீனாலைவிட நூறு மடங்கு. நாற்பது நிமிடம் அது செய்தது துப்புரவு வேலை. போதுமான இடம் காலியானதும் வினை தொடங்கிவிட்டது.

இதைச் சரிபார்க்க வரிசையை மட்டும் மாற்றினோம். முதலில் கெட்ட கூழ்மத்தையும் போரோஹைட்ரைடையும் க்யூவெட்டில் கலந்து ஒரு மணி நேரம் விட்டோம். அதன் பிறகு, சிதைந்துபோன அளவுக்கு ஈடாகப் புதிய போரோஹைட்ரைடோடு நைட்ரோபீனாலைச் சேர்த்தோம். மஞ்சள் இரண்டாவது நிமிடத்திலேயே குறையத் தொடங்கியது. நல்ல கூழ்மத்துக்கு இதே வரிசை மாற்றத்தைச் செய்தபோது வேகத்தில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நானோதுகள்களின் திறனைச் சொல்ல உலகமே நம்பும் இந்தச் சோதனை வினை, துகளின் மேலுடையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அளக்கத் தொடங்குகிறது. தாமதத்தை வெட்டி எறிந்துவிட்டு, கோடு சரியத் தொடங்கிய பிறகு வரும் சாய்வை மட்டும் எடுத்து வேக மாறிலியாகக் கொடுப்பது வழக்கம். எங்கள் நல்ல பாட்டிலுக்கு அந்த மாறிலி விநாடிக்கு 0.004. கெட்ட பாட்டிலுக்கு அதில் ஏறக்குறைய பாதி. தாமதத்தைச் சொல்லாமல் இந்த இரண்டு எண்களை மட்டும் அட்டவணையில் போட்டிருந்தால், ஒன்று சுமார், ஒன்று நல்லது என்று எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள். போரோஹைட்ரைடு இல்லாத வேறொரு வினையில் அதே துகள் சுத்தமாக வேலை செய்யாது. தாமத நேரத்தையும் சேர்த்து எழுதாத வேக மாறிலியை நான் இப்போதெல்லாம் முழுசாக நம்புவதில்லை.

மீட்க முயன்றது

க்யூவெட்டில் நடந்ததை முழு பாட்டிலுக்கும் செய்துவிடலாம் என்று நினைத்தோம். கெட்ட கூழ்மத்தின் பாதியை எடுத்து, போரோஹைட்ரைடு சேர்த்து ஒரு மணி நேரம் விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் இறக்கி, புதிய சிட்ரேட்டில் கலக்கினோம். இரண்டாவது கழுவலுக்குப் பிறகு வேகம் பெரும்பாலும் திரும்பியது, தாமதம் நான்கு நிமிடமாகக் குறைந்தது. முகடும் 520-க்கு வந்தது, ஆனால் முன்பைவிட அகலமாக. இன்னும் கொஞ்சம் சுத்தமாகட்டுமே என்று மூன்றாவது முறை கழுவினோம். குழாயின் அடியிலிருந்து கலக்கும்போதே சிவப்பில் ஊதா கலந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் முழுக்க நீலச்சாம்பல். காவலாளையும் சேர்த்துத் துரத்திவிட்டோம். மேலுடை இல்லாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அங்கிருந்து திரும்ப வழி இல்லை.

இப்போது டெஃப்லான் பூசிய மூடி மட்டும்தான். நோட்டில் ஒவ்வொரு கூழ்மத்துக்கும் அளவு, முகடு, செறிவு என்ற கட்டங்களோடு ‘தொட்ட பொருள்கள்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: குழாய், பிப்பெட் முனை, கிளறும் காந்தம், கையுறை, மூடி. முகடு ஒரு நானோமீட்டர் நகர்ந்தாலும் அன்றே ஒரு வேக ஓட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். தாமத நேரம் தனியாக எழுதப்படும்.

முதல் பாட்டில், அதாவது நல்ல பாட்டில், அதே பழைய ரப்பர் மூடியோடு நிமிர்ந்தபடியே ஃப்ரிட்ஜில் இருந்தது. அதை யாரும் சந்தேகிக்கவில்லை. ஒன்பதாவது வாரம் வேறு ஏதோ ஒப்பீட்டுக்காக அதை எடுத்து ஓட்டியபோது தாமதம் ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்தாகியிருந்தது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கம் முழுக்க பொடிப் பொடியாக நீர்த்துளி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததில் ஆவி போய் ரப்பரில் படிந்து, துளியாகி, திரும்பக் கூழ்மத்துக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.